பம்பில் சுமை கூடினால் இதயத்தின் மின்சாரம் ஏன் கெடுகிறது?

கேள்வி இது: "என் அம்மாவுக்கு 47 வயது. சேலம் அம்மாப்பேட்டையில் வீட்டிலேயே தறி நெய்கிறார். சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மிட்ரல் வால்வு (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள கதவு) சுருங்கியிருக்கிறது. போன மாதம் படபடப்பு அதிகமாகி இ.சி.ஜி. எடுத்ததில் ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் (மேலறைகள் தாளமில்லாமல் நடுங்குவது) என்றார்கள். எக்கோவில் இடது மேலறை 5.1 செ.மீ. 'இதயத்துக்குச் சுமை கூடிக் கூடி மின்சாரம் கெட்டுப்போச்சு' என்றார் டாக்டர். போர்வெல் மோட்டாரில் லோடு கூடினால் ஆம்பியர் ஏறும், சரி. வயரிங் தாளம் தப்புமா? கோளாறு வால்வில் இருக்க, மின்சாரத்துக்கு என்ன வந்தது? மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு ஏற்காடு போக ஆசைப்படுகிறார். கூட்டிப் போகலாமா?"

தம்பி, உங்கள் மோட்டாரிலிருந்தே தொடங்குகிறேன். மோட்டாரில் கரண்ட் கொண்டுவரும் வயர் வேறு, சுற்றுகிற தண்டு வேறு. தண்டில் எவ்வளவு பாரம் ஏற்றினாலும் வயர் நீளாது, இழுபடாது. இதயத்தில் இந்தப் பிரிவினை கிடையாது. இதயத்தின் இயற்கைத் தாளக்கருவியான சைனஸ் நோடில் தொடங்கும் துடிப்பு மேலறை முழுக்கப் பரவுவது ஒரு தசைச் செல்லிலிருந்து பக்கத்துத் தசைச் செல்லுக்குக் கைமாறித்தான். அப்படி மின்சாரத்தைக் கடத்திய அதே செல்தான் சில மில்லிநொடிகளில் சுருங்கி ரத்தத்தைத் தள்ளுகிறது. வயரும் அதுவே, மோட்டாரும் அதுவே. அறை வீங்கினால் வயரும் சேர்ந்து இழுபடுகிறது. உங்கள் டாக்டர் சொன்னது பேச்சுக்குச் சொன்னதில்லை, அப்படியே உண்மை.

பாடப்புத்தகத்தில் நாம் படிப்பது ஒருவழிப் பாதை: மின்சாரம் வரும், செல்லுக்குள் கால்சியம் ஏறும், தசை சுருங்கும். எதிர்த்திசையிலும் ஒரு பாதை உண்டு. தசை இழுபட்டாலோ அமுக்கப்பட்டாலோ அதன் மின்சாரம் மாறும். இதை மெக்கானோ எலெக்ட்ரிக் ஃபீட்பேக் என்கிறார்கள்.

இதற்கு நான் தினமும் பார்க்கிற சாட்சி ஒன்று உண்டு. கேத் லேபில், அதாவது ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் போய்ச் சிகிச்சை செய்யும் அறையில், டெக்னீஷியனாக மானிட்டர் பக்கம் உட்காருவதுதான் என் வேலை. மெல்லிய வழிக்கம்பியை ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் விடும்போது அதன் நுனி கீழறைச் சுவரில் லேசாக உரசினால் போதும். ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த குறுகிய அலைகளுக்கு நடுவே அகலமாக, உயரமாக ஒன்று எகிறும். நுனி அங்கேயே நின்றால் மூன்று, நான்கு என்று வரிசையாக வரும். இப்படித் தப்பான இடத்தில் பிறக்கும் துடிப்புக்கு எக்டாபிக் என்று பெயர். "எக்டாபிக்ஸ் வருது சார்" என்று குரல் கொடுப்பேன். டாக்டர் கம்பியைக் கொஞ்சம் பின்னால் இழுப்பார், அடங்கிவிடும். அந்தக் கம்பியில் கரண்ட் எதுவும் இல்லை. வெறும் தொடுதல், அவ்வளவுதான். தொட்ட இடத்தில் சில செல்கள் வளைந்தன, அந்த வளைவே ஒரு துடிப்பாகப் பிறந்துவிட்டது. ஐ.சி.யு.வில் கழுத்து ரத்தநாளத்தில் சென்ட்ரல் லைன் (இதயம் வரை போகும் மருந்துக் குழாய்) போடுகிறவர்களைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள்.

இதன் பயங்கரமான வடிவம் விளையாட்டு மைதானத்தில் நடக்கிறது. நல்ல ஆரோக்கியமான பையன், நெஞ்சில் பந்து படுகிறது, விலா எலும்பில் கீறல்கூட இல்லை, ஆனால் அடுத்த நொடி சுருண்டு விழுகிறான். இதற்கு கமோஷியோ கார்டிஸ் என்று பெயர். 1998ல் அமெரிக்காவில் மார்க் லிங்க் குழுவினர் மயக்க மருந்து கொடுத்த பன்றிக்குட்டிகளில் இதைச் சோதித்தார்கள். அடி, இ.சி.ஜி.யில் கீழறைகள் மறுபடி தயாராவதைக் காட்டும் டி அலையின் உச்சிக்கு 30 முதல் 15 மில்லிநொடி முன்னால் விழுந்தால் கீழறைகள் ஃபைப்ரிலேஷனுக்குப் போயின. அந்தக் குறுகிய இடைவெளியில் சில செல்கள் அடுத்த துடிப்புக்குத் தயாராகியிருக்கும், பக்கத்துச் செல்கள் இன்னும் ஆகியிருக்காது. அந்த ஏற்றத்தாழ்வுக்குள் ஒரு தவறான துடிப்பைத் தள்ளிவிட்டால் அலை உடைந்து சுழல ஆரம்பிக்கும். 2023 ஜனவரியில் அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் டமார் ஹாம்லின் ஆட்டத்தின் நடுவே விழுந்ததற்கும் இதைத்தான் காரணமாகச் சொன்னார்கள். மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தி, ஷாக் கொடுத்ததால் பிழைத்தார். பள்ளிகளில் கிரிக்கெட் சொல்லித்தருகிற ஒவ்வொரு பி.டி. ஆசிரியருக்கும் நெஞ்சழுத்த முதலுதவி தெரிந்திருக்க வேண்டும் என்பது என் தீராத ஆதங்கம். இது உங்கள் கேள்விக்கு வெளியே என்றாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

சரி, செல்லுக்குள் என்னதான் நடக்கிறது? ஓய்வில் இருக்கும் இதயத் தசைச் செல்லின் உள்பக்கம் வெளியைவிடச் சுமார் 80 மில்லிவோல்ட் எதிர்மின்னாக இருக்கும். அது 70, 65 என்று குறைந்து ஒரு வாசற்படியைத் தாண்டினால் சோடியம் வாசல்கள் படாரென்று திறந்து துடிப்பு கிளம்பும். செல் சவ்வில் வேறு வகை அயனி வாசல்களும் உண்டு. இழுத்தால் திறப்பவை. 1984ல் ஆய்வாளர்கள் குஹாரேயும் சாக்ஸும் இவற்றை முதலில் கோழிக்குஞ்சின் எலும்புத்தசையில் கண்டார்கள். பிற்பாடு இதயத்திலும் தெரியவந்தது. தொடுதலை உணர்த்தும் பியட்சோ வாசல்களை 2010ல் கண்டுபிடித்த ஆர்டெம் படபூட்டியனுக்கு 2021ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது நினைவிருக்கலாம். அந்த பியட்சோ வகையும் இதயத்தில் இருக்கிறது.

இழுத்தால் திறக்கும் வாசல்களில் பல, சோடியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாவற்றையும் விடுபவை. செல் ஓய்வில் இருக்கும்போது இவை திறந்தால் நேர்மின் அயனிகள் உள்ளே கசியும். 80 என்பது 75 ஆகும், 72 ஆகும். இதில் இரண்டு கெடுதல். ஒன்று, செல் வாசற்படிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது, சின்னத் தூண்டலுக்கும் எகிறும். இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. இப்படி அரைகுறையாக மின்னழுத்தம் குறைந்த செல்லில் சோடியம் வாசல்களில் ஒரு பகுதி முன்கூட்டியே பூட்டிக்கொள்ளும். அதனால் அலை கடந்துபோகும் வேகம் மந்தமாகிறது. பொட்டாசியத்தை மட்டும் விடும் இழுவை வாசல்களும் உண்டு. அவை செல் சீக்கிரம் ஓய்வுக்குத் திரும்பச் செய்யும். வேகம் மந்தம், துடித்த செல் மறுபடி தயாராகும் நேரம் குறுகல், இரண்டும் சேர்ந்தால் ஒரு அலை சுற்றிவந்து, தான் கிளம்பிய இடத்தையே மறுபடி தூண்ட இடம் கிடைத்துவிடும். அறையும் பெரிதாக இருந்தால் இப்படிச் சுழலும் அலைகள் பலவற்றுக்கு இடம் இருக்கும். ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் என்பது இதுதான். மேலறைகள் நிமிடத்துக்கு 350க்கு மேல் கண்டபடி துடிக்க, மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சாரத்தைக் கடத்தும் ஏ.வி. நோடு தன்னால் முடிந்ததை மட்டும் கீழே அனுப்புகிறது. உங்கள் அம்மாவின் நாடி ஒழுங்கே இல்லாமல் ஓடுவது அதனால்தான்.

இழுவை என்றாலே கெடுதல் என்று நினைத்துவிட வேண்டாம். 1915ல் பெயின்பிரிட்ஜ் என்ற ஆய்வாளர் நாய்களின் ரத்தநாளத்தில் திரவத்தை ஏற்றியபோது இதயத்துடிப்பு வேகமானது. அதில் நரம்புகளின் பங்கு பெரிது. ஆனால் நரம்பெல்லாம் அறுந்த, மாற்றிப் பொருத்தப்பட்ட இதயத்திலும் மூச்சு இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் கூடி, விடும்போது கொஞ்சம் குறைகிறது. மூச்சோடு வரும் ரத்தம் சைனஸ் நோடையே இழுப்பதால் வரும் மாற்றம் அது. வந்த ரத்தத்தை அப்போதைக்கப்போது வெளியேற்ற இயற்கை வைத்த ஏற்பாடு என்றே நான் நம்புகிறேன். அளவோடு, நொடிக்கு நொடி வந்துபோகும் இழுவை இதயத்துக்கு நல்லது. வருஷக்கணக்கில் விடாமல் இருக்கும் இழுவைதான் ஆபத்து.

இனி உங்கள் அம்மாவின் வால்வு. நல்ல மிட்ரல் வால்வின் திறப்பு 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர். ருமாட்டிக் காய்ச்சலில் இதழ்கள் தடித்து, ஓரங்கள் ஒட்டி, அது 1.5க்குக் கீழே போனால் கடுமையான சுருக்கம். இடது மேலறையில் வந்து சேரும் ரத்தம் அந்தச் சின்ன வழியாகக் கீழறைக்கு இறங்க நேரம் வேண்டும். அந்த நேரம் இரண்டு துடிப்புகளுக்கு இடையிலுள்ள ஓய்வில்தான் கிடைக்கிறது. நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் ஒவ்வொரு துடிப்பிலும் நொடியில் மூன்றில் இரண்டு பங்கு போல இறங்க நேரம் உண்டு. 120 ஆனால் அது கால் நொடி அளவுக்குச் சுருங்கிவிடும். வேலை செய்யும்போது, மேடு ஏறும்போது, காய்ச்சலில், கோபத்தில் துடிப்பு கூடுகிறது. இறங்கும் நேரம் குறைகிறது, ரத்தம் மேலறையில் தேங்குகிறது. அங்கே அழுத்தம் சாதாரணமாக 10 மில்லிமீட்டர் பாதரசத்துக்குள் இருக்க வேண்டும், அது 25க்கு மேல் எகிறும். மேலறைச் சுவர் மெல்லியது, இழுபடுகிறது. இழுபட்டால் மின்சாரம் தடுமாறி ஃபைப்ரிலேஷன் வருகிறது. ஃபைப்ரிலேஷன் வந்தால் துடிப்பு இன்னும் வேகம், மேலறை சுருங்கித் தரும் கடைசித் தள்ளலும் போச்சு. தேக்கம் கூடுகிறது, அழுத்தம் இன்னும் ஏறுகிறது. சுமை மின்சாரத்தைக் கெடுக்க, கெட்ட மின்சாரம் சுமையைக் கூட்டுகிறது. மிட்ரல் சுருக்கத்தில் ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் வந்த அன்றே பலருக்கு மூச்சு முட்டி நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது இந்தச் சுழற்சியால்தான்.

5.1 செ.மீ. என்றீர்கள். பெண்களுக்கு 3.8 வரைதான் இயல்பு. எனவே இந்த இழுவை போன மாதம் தொடங்கியதில்லை, பல வருஷக் கதை. இங்கேதான் உடனடி இழுவையையும் நாள்பட்ட இழுவையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 1997ல் ஆய்வாளர்கள் ராவெல்லியும் அலெசியும் முயலின் இதயத்தைத் தனியே எடுத்து மேலறை அழுத்தத்தை ஏற்றிப் பார்த்தார்கள். அழுத்தம் ஏற ஏறத் திசு மறுபடி தயாராகும் நேரம் குறுகியது, ஃபைப்ரிலேஷன் சுலபமாக வந்தது. அழுத்தத்தை விட்டதும் சில நிமிடங்களில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பியது. வாசல்கள் திறந்தன, மூடிக்கொண்டன, அவ்வளவே. மனிதரில் வருஷக்கணக்கான இழுவை வேறு மாதிரி. செல்களுக்கு நடுவே நார்த்திசு படிகிறது, செல்களை இணைக்கும் பாலங்கள் இடம் மாறுகின்றன, சில இடங்களில் தசையே செத்துத் தழும்பாகிறது. அழுத்தம் இறங்கினாலும் தழும்பு கரையாது. போதாக்குறைக்கு, ஃபைப்ரிலேஷனே ஃபைப்ரிலேஷனை வளர்க்கும் என்று 1995ல் ஆடுகளில் நிரூபித்தார்கள்.

இருந்தாலும் நம்பிக்கைக்கு இடமுண்டு. சுருங்கிய வால்வை பலூனால் விரிக்கும் முறையை ஜப்பானில் கான்ஜி இனோவே 1982ல் தொடங்கினார். தொடைவழியே போய், மேலறைகளுக்கு இடையிலுள்ள தடுப்பில் துளையிட்டு, வால்வின் வாயில் பலூனை ஊதுவார்கள். நான் அந்த அறையில் அழுத்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவன். பலூன் இறங்கிய சில துடிப்புகளிலேயே இடது மேலறையின் கோடு திரையில் பாதிக்குக் கீழே வந்து நிற்பது உண்டு. அழுத்தம் குறைந்தால் மின்சாரமும் தேறுமா? அடிலெய்டு, வேலூர் மருத்துவர்கள் சேர்ந்து 2010ல் வெளியிட்ட ஆய்வு இதையே அளந்தது. இன்னும் ஃபைப்ரிலேஷன் வராத மிட்ரல் சுருக்க நோயாளிகளில், பலூன் போட்ட உடனேயே மேலறையில் மின்னலை கடக்கும் வேகம் கூடியது, மாதங்கள் கழித்துப் பார்த்தபோது இன்னும் தேறியிருந்தது. ஃபைப்ரிலேஷன் நிலைத்துவிட்ட பிறகு அவ்வளவு சுலபமில்லை. அதனால்தான், வால்வுக்குச் செய்ய வேண்டியதைத் தள்ளிப்போடாதீர்கள் என்று நான் சொல்கிறேன். டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: திறப்பின் பரப்பு எத்தனை, பலூனுக்கு ஏற்ற வால்வா, மேலறையில் ரத்தக்கட்டி இருக்கிறதா. கட்டி இருந்தால் பலூன் போட முடியாது, அதை உணவுக்குழாய் வழி எக்கோவில் பார்ப்பார்கள். முதல்வர் காப்பீட்டு அட்டையில் வருமா என்றும் விசாரியுங்கள்.

இழுவை வாசல்களையே நேரடியாக அடைக்க மருந்து கிடையாதா என்று தோன்றும். தென் அமெரிக்காவின் டரன்டுலா சிலந்தி விஷத்தில் அப்படி ஒரு புரதம் இருக்கிறது. 2001ல் முயல் இதயத்தில் அது இழுவையால் வந்த ஃபைப்ரிலேஷனை அடக்கியது. மனிதருக்குத் தரும் மருந்தாக அது இன்னும் வரவில்லை. ஆகவே இப்போதைக்கு இழுவையையே குறைப்பதுதான் வழி. உங்கள் அம்மாவின் மாத்திரைகளை இந்தக் கண்ணோட்டத்தில் பாருங்கள். மெட்டோப்ரோலால், டிகாக்சின் போன்றவை துடிப்பைக் குறைத்து வால்வுக்கு நேரம் வாங்கித் தருகின்றன. தண்ணீர் மாத்திரை தேங்கிய திரவத்தை வெளியேற்றி மேலறையின் பாரத்தை இறக்குகிறது. இவை மூச்சிரைப்புக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மின்சாரத்துக்கும் சேர்த்துத்தான்.

தறியில் உட்கார்ந்தால் அடிக்கடி எழுந்து போக முடியாது என்று தண்ணீர் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடும் பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் அம்மாவும் செய்கிறாரா என்று பக்குவமாகக் கேளுங்கள். நேரத்தை மாற்றித் தரச் சொல்லி டாக்டரிடம் கேட்கலாம், நிறுத்தக் கூடாது. அந்த மாத்திரையால் பொட்டாசியம் இறங்கும், டிகாக்சினும் சேர்ந்தால் அதுவே வேறொரு தாளக்கோளாறைக் கிளப்பும். அதனால் டாக்டர் சொல்லும் நாளில் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். உப்பைக் குறைப்பதும் அதே கணக்கில் வரும். ஊறுகாய், கருவாடு, சாயங்காலத் தட்டுவடை செட் எல்லாவற்றிலும் உப்பு ஒளிந்திருக்கிறது.

படபடப்பு வந்து அடங்கியதும் சிறுநீர் நிறையப் போகிறது என்று அவர் சொன்னால் பயப்பட வேண்டாம். இழுபட்ட மேலறை ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்லி சிறுநீரகத்துக்கு அது அனுப்பும் தகவல். 1981ல் டி போல்டு என்ற ஆய்வாளர் இதைக் கண்டார். இதயமே தன் சுமையை இறக்கிக்கொள்ளப் பார்க்கிறது.

ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. துடிக்காமல் வெறுமனே நடுங்கும், வீங்கிய மேலறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். ருமாட்டிக் மிட்ரல் சுருக்கத்தில் வார்ஃபரின் வகைதான் தர வேண்டும். புது மாத்திரை வசதி, பரிசோதனை தேவையில்லை என்று யாராவது சொன்னால், 2022ல் வெளியான இன்விக்டஸ் ஆய்வை நினைவில் வையுங்கள். 4,500க்கும் மேற்பட்ட ருமாட்டிக் நோயாளிகளில் வார்ஃபரின் வகை எடுத்தவர்களில்தான் இறப்பு குறைவாக இருந்தது. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை பார்க்க மாதம் ஒருமுறை அலைவது சிரமம்தான், ஆனால் அலைந்துதான் ஆக வேண்டும்.

ஏற்காட்டுக்கு வருவோம். மலை சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலத்தைவிட அங்கே காற்றழுத்தம் ஏழில் ஒரு பங்கு போலக் குறைவு. அந்த உயரமே பெரிய தொந்தரவு செய்யாது. தொந்தரவு செய்வது நடை. மேடு ஏறினால் துடிப்பு கூடும், துடிப்பு கூடினால் மேலே சொன்ன அத்தனையும் நடக்கும். இப்போது படுத்தால் மூச்சு முட்டுகிறது, ராத்திரி எழுந்து உட்காருகிறார் என்றால் இந்த மே மாதம் வேண்டாம், டாக்டர் சரிசெய்த பிறகு போகலாம். ஓய்வில் துடிப்பு கட்டுக்குள் இருந்து, வீட்டுக்குள் நடக்க இரைப்பில்லை, டாக்டரும் சரி என்றால், தாராளமாகக் கூட்டிப் போங்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் காரிலேயே போகட்டும். திருவிழாக் கூட்ட நாளைத் தவிர்த்து முன்னாலோ பின்னாலோ ஒரு நாள் போவது உத்தமம். குகைக்குள் குனிந்து போக வேண்டிய கோயில், நெரிசலில் மூச்சுத் திணறினால் வெளியே வர வழி கிடைக்காது. அன்று காலை மாத்திரை எதையும் விட வேண்டாம். கடைசி எக்கோ ரிப்போர்ட்டும் ஐ.என்.ஆர். சீட்டும் பையில் இருக்கட்டும். வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கம் கை கால் விளங்காமல் போனாலோ, நுரையோடு இருமினாலோ, உட்கார்ந்து பார்க்கலாம் என்று காத்திருக்காமல் உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.